பெட்டிக்குச் சூடமா, புத்திக்கு வேலையா?

பழவேற்காடு ஏரியைச் சுற்றி மணல் மேடுகளில் ஒதுங்கிக் கிடக்கும் மீனவக் கிராமங்களில் பசியாவரமும் ஒன்று. சமீபத்தில் நாம் அவ்வூருக்குச் சென்றிருந்த சமயம், ஒரு மீனவத் தோழர் தமது பைபர் படகைக் காண்பித்தார். படகின் பின்புறத்தில் என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். அதுதான் ஜி.பி.எஸ். பெட்டி. அதன் நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், பக்கத்தில் காய்ந்துபோன எலுமிச்சம்பழம் ஒன்று நூலில் தொங்கிக் கொண்டிருந்தது.

"இதெல்லாம் எதற்குத் தோழரே?" என்று கேட்டோம்.

"ஆயுத பூஜையில வச்சதுங்க ஐயா. கடல்ல வழி காட்டுற சாமிங்க இது" என்றார்.

"நல்லது. இந்தச் சாமி முகத்துவாரத்தை எந்த இடத்தில் காட்டுகின்றது?"

அவர் சிரித்துவிட்டார். "அது காட்டுற இடத்துல இப்ப மணல் திட்டுதாங்க இருக்குது. முகத்துவாரம்தான் மழைக்கு மழை நகருதே! அங்க மட்டும் இத நம்பமாட்டோம். கண்ணால பாத்துதான் படக உள்ள உடுவோம்" என்றார்.

தோழர்களே! இந்தப் பதிலில் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு மனிதர் பெட்டிக்குச் சூடம் காட்டுகிறார். மற்றொரு மனிதர் பெட்டி எந்த இடத்தில் சரி, எந்த இடத்தில் தவறு என்பதைக் கண்டறிந்து அதன்படி நடக்கிறார். முதல் மனிதரைப் புரோகிதன் உண்டாக்கினான். இரண்டாவது மனிதரை அவரது சொந்த புத்தியும் அனுபவமும் உண்டாக்கின. கடலில் அவரை உயிரோடு கரை சேர்ப்பவர் இரண்டாவது மனிதரேயன்றி முதல் மனிதர் அல்ல. இதைத்தான் இன்று விவரமாகப் பேச விரும்புகின்றோம்.

ஆகாயத்திலும் இதே பெட்டி

படகிலிருக்கும் பெட்டியின் இனத்தைச் சேர்ந்த பெட்டி ஆகாய விமானத்திலும் இருக்கின்றது. விமானத்துக்குப் பெரிய பகை எது என்று கேட்டால், இடி, மின்னல், புயல் என்று பலரும் சொல்லுவார்கள். ஆனால் என்ஜின் நன்றாக ஓடிக் கொண்டிருக்க, இறக்கை பழுதின்றி இருக்க, விமானியும் சுய நினைவோடு ஓட்டிக்கொண்டு போய் நேராக மலையில் மோதிய விபத்துக்கள் உலகில் ஏராளம். யந்திரத்தில் கோளாறு இல்லை. தாம் எங்கே இருக்கிறோம், நிலம் எங்கே இருக்கிறது என்பது தெரியாததுதான் கோளாறு.

இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் நில எச்சரிக்கைக் கருவி. அது வேலை செய்யும் விதத்தை ஒரு மந்திரமும் இல்லாமல் சொல்லிவிடலாம். பூமியின் மேடு பள்ளங்களையெல்லாம் அளந்து, இன்ன இடத்தில் நிலம் இத்தனை அடி உயரம் என்று ஒரு பெரிய கணக்குப் புத்தகமாகப் பெட்டிக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். 2000-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் 'எண்டெவர்' என்னும் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ராடாரால் நிலப்பரப்பில் சுமார் 100-க்கு 80 பாகத்தை அளந்து கொண்டு வந்தது. இம்மாதிரி அளவைகளே அந்தக் கணக்குப் புத்தகத்திற்கு ஆதாரம். விமானம் இப்போது எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைச் செயற்கைக் கோள்கள் அனுப்பும் சமிக்ஞையைக் கொண்டு பெட்டி கணக்கிடுகின்றது. பிறகு இரண்டையும் ஒப்பிடுகின்றது. அவ்வளவுதான் சங்கதி.

ஒப்பிட்டதைத் திரையில் நிறமாகக் காட்டும். சிறு விமானங்களில் வழக்கமாக உள்ள பெட்டியில், நிலம் விமானத்துக்கு 1000 அடிக்கு மேல் தாழ்ந்திருந்தால் திரை கறுப்பு. 100 அடி முதல் 1000 அடி வரை தாழ்ந்திருந்தால் மஞ்சள். 100 அடிக்குள் நெருங்கிவிட்டாலோ, அல்லது விமானத்தைவிட நிலமே உயர்ந்திருந்தாலோ சிவப்பு. ஓர் உதாரணம் சொல்லுவோம். பழவேற்காட்டுக் கரையோரச் சமவெளிபோன்ற இடத்தின் மேல் 1500 அடி உயரத்தில் ஒரு சிறு விமானம் பறந்தால் திரை கறுப்பாகவே கிடக்கும். அதே 1500 அடியில் மேற்கே திருமலையை நோக்கித் திரும்பினால் மலையடிவாரம் மஞ்சளாகும், மலை சிவப்பாகும். ஏனெனில், திருமலை சுமார் 3200 அடி உயரம். அது ஏழுமலையானின் மலையாயிற்றே என்று பெட்டி பார்ப்பதில்லை. 'கோவிந்தா' என்றும் சொல்லாது. 'டெரைன், டெரைன்! புல் அப்!' என்றுதான் கூவும். 'எதிரே நிலம், எதிரே நிலம்! மேலே தூக்கு!' என்பது அதன் பொருள்.

தலைவிதியா, தலைக்கு மேல் மலையா?

இந்தக் கருவி எந்த ரிஷியின் தவத்தாலும் கிடைத்துவிடவில்லை. பிணங்களை எண்ணி எண்ணிப் பார்த்து மனிதன் கற்றுக் கொண்ட பாடம் இது.

1974-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி அமெரிக்காவில் வாஷிங்டனுக்கு அருகே ஒரு பிரயாணி விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டார்கள். அதற்கு மூன்றாம் நாள், டிசம்பர் 4-ந் தேதி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து கொழும்புக்கு வந்து கொண்டிருந்த மார்ட்டின் ஏர் விமானம், இலங்கை மலையகத்தில் நம் தோட்டத் தொழிலாளத் தமிழர்கள் வாழும் மஸ்கெலியாவுக்கு அருகே சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் மாண்டார்கள். அவர்களில் 182 பேர் மெக்கா யாத்திரைக்குப் புறப்பட்டவர்கள்.

அந்த 182 பேருடைய பக்தியில் என்ன குறை சொல்ல முடியும்? புண்ணியத் தலத்துக்குப் போகின்றவர்களைவிடக் கடவுளுக்கு நெருங்கினவர்கள் யார்? இருந்தும் மலை விலகவில்லை. ஏழு கன்னிமார்களின் கோபம் என்று யாராவது கதை கட்டினால், அந்தக் கன்னிமார்களுக்கு ஊர் பேர் தெரியாத இந்தோனேசியக் குடியானவர்கள் மீது என்ன விரோதம் என்று கேட்கின்றோம். விசாரணை செய்தவர்கள் கன்னிமார்களைக் குற்றஞ் சாட்டவில்லை. விமானிகள் தாம் விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள் என்றே கண்டார்கள். விதி என்று சொல்லி அழுதுவிட்டுப் போயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். 'ஏன்?' என்று கேட்டதனால்தான் வைத்தியம் பிறந்தது.

அந்தச் சமயத்தில்தான் டான் பேட்மன் என்னும் கனடா நாட்டில் பிறந்த பொறியாளர் செய்திருந்த எச்சரிக்கைக் கருவியைப் பெரிய பிரயாணி விமானங்களில் கட்டாயம் வைக்க வேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் உத்தரவிட்டார்கள். ஆனால் அந்தப் பழைய கருவிக்கு ஒரு குறை இருந்தது. அது நேர் கீழே மாத்திரம் பார்க்கும், எதிரே பார்க்காது. சுவர்போல எழும்பி நிற்கும் மலை எதிரே வந்தால் கடைசிச் சில வினாடிகளில்தான் கூவும். 1995-ம் வருஷம் டிசம்பர் 20-ந் தேதி கொலம்பியாவில் காலி நகரத்துக்கு அருகே ஓர் அமெரிக்க விமானம் மலையில் மோதி 159 பேர் மாண்டபோது அந்தக் கருவி கூவத்தான் கூவிற்று, நேரம்தான் போதவில்லை. பேட்மனும் அவர் கூட்டத்தாரும் செயற்கைக் கோள் சமிக்ஞையையும் உலக நிலக் கணக்கையும் சேர்த்து எதிரே பார்க்கும் கருவியைச் செய்தார்கள். 2023-ல் இறந்துபோன அந்த மனிதருக்குக் கோயிலும் இல்லை, தேர்த் திருவிழாவும் இல்லை. ஆனால் அவரால் உயிர் பிழைத்து, தாம் பிழைத்தோம் என்பதே தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

கூவியும் கேளாதவர்கள்

இவ்வளவு அருமையான கருவி இருக்கும்போது இனி விபத்தே இராது என்று நினைத்துவிடக் கூடாது. கருவி கூவும், கேட்க வேண்டியவன் மனிதன்.

2010-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி போலந்து தேசத்து ஜனாதிபதி சென்ற விமானம் ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்க் என்னும் இடத்தில் மூடுபனியில் தரையில் மோதி 96 பேர் மாண்டார்கள். கருவி திரும்பத் திரும்பக் கூவிற்று. அந்த விமான நிலையம் கருவியின் கணக்கில் எழுதப்பட்டிருக்கவில்லை. நிலையம் இருப்பதே கருவிக்குத் தெரியாதபோது, இறங்கும் ஒவ்வொரு தடவையும் அது கூவத்தான் செய்யும். ஆகவே விமானிகளுக்குக் கூவலோடு இறங்குவது சகஜமாகத் தோன்றிவிட்டது. ஆனால் அன்று நிலம் நிஜமாகவே எதிரே இருந்தது.

2012-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி இந்தோனேசியாவில், விமானம் வாங்க நினைத்த கனவான்களை ஏற்றிக்கொண்டு விளம்பரப் பிரயாணம் போன புதிய சுகோய் விமானம் சலாக் மலையில் மோதிற்று. மோதுவதற்கு 38 வினாடிக்கு முன்பே கருவி கூவிற்று. விமானியோ, கணக்கில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக் கூவலை நிறுத்தி வைத்தார். முதல் கூவலிலிருந்து 24 வினாடிக்குள் மேலே தூக்கியிருந்தால் 45 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று விசாரணையில் கண்டார்கள்.

கூவலை நிறுத்தும் பொத்தானை ஏன் வைத்தார்கள் என்று கேட்கலாம். காரணம் இருக்கின்றது. கணக்கில் இல்லாத சிறு ஓடுபாதையில் பட்டப்பகலில் கண்ணெதிரே தரை தெரிய இறங்கும்போது கூவல் தொந்தரவாகும், அதற்காக வைத்தது. மேகத்துக்குள் எதிரே ஒன்றும் தெரியாதபோது அதைத் தொடுவது தன் கையால் தன் கண்ணைக் குத்திக் கொள்வதாகும்.

இன்னொரு சங்கடமும் சமீப காலத்தில் வந்திருக்கிறது. 2023 முதல், யுத்தம் நடக்கும் பிரதேசங்களுக்கு அருகே பொய்ச் சமிக்ஞைகளைப் பரப்பி ஜி.பி.எஸ். பெட்டிகளை ஏமாற்றுகிறார்கள். இதனால் உயர உயரப் பறக்கும் விமானங்களில்கூடக் காரணமில்லாமல் நில எச்சரிக்கை கூவியிருக்கிறது. 'புலி வருது, புலி வருது' என்ற கதை எல்லோருக்கும் தெரியும். பொய்யாகப் பத்துத் தடவை கூவினால் பதினோராவது தடவை மெய்யாகக் கூவும்போது யார் காது கொடுப்பார்கள்? ஆகையால்தான், சந்தேகம் தோன்றினால் முதலில் மேலே தூக்கு, பிறகு விசாரணை செய் என்று எதிரே தெரியாத சமயத்துக்கு விமானிகளுக்குப் பாடம் சொல்லுகிறார்கள். வீணாக மேலே ஏறினால் கொஞ்சம் எண்ணெய் நஷ்டம். ஏறாமல் இருந்தால் உயிர் நஷ்டம். இதில் எது லாபம் என்று கணக்குப் பார்க்க ஜோசியன் வேண்டுமா?

நம் நீலகிரியில் நடந்தது

வெளிநாட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2021-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன ராணுவ ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே நஞ்சப்ப சத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்பட அதில் சென்ற 14 பேரும் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வாரம் உயிரோடு போராடி மாண்டார். மரத்தடியில் நெருப்பு எரிய, போர்வையையும் தண்ணீர்க் குடத்தையும் தூக்கிக்கொண்டு முதலில் ஓடினவர்கள் பக்கத்துக் குடியிருப்பின் ஏழைத் தொழிலாளிகளே. விசாரணைக் குழுவார் 1922-ல் அல்ல, 2022-ல் சொன்ன முடிவு என்ன? யந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மேகம் சூழ்ந்து, விமானிக்குத் திசையும் நிலையும் மயங்கி, ஓடிக்கொண்டிருந்த யந்திரம் நிலத்தில் மோதிற்று என்பதே.

மேகத்துக்குள் புகுந்தால் எவ்வளவு தேர்ந்த விமானிக்கும் உடம்பு பொய் சொல்லும். காதுக்குள் இருக்கும் நீர்தான் நாம் நிமிர்ந்திருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்பதை நமக்குத் தெரிவிக்கின்றது. கண்ணுக்கு அடிவானம் தெரியாதபோது அந்த நீர் ஏமாந்துவிடும். சாய்ந்து கொண்டிருப்பவனுக்கு நேராகப் போவதுபோல் தோன்றும். ஆகவே, மேகத்துக்குள் உடம்பை நம்பாமல் கருவியை நம்ப வேண்டும். இது ஒரு பாடம்.

கருவியையும் அது அறிந்த அளவுக்குத்தான் நம்ப வேண்டும். இது மற்றொரு பாடம். அதன் கணக்கில் எழுதப்பட்ட மலையை அது காட்டும்; நேற்று எழுப்பிய செல்போன் கோபுரத்தையும், பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கம்பியையும் காட்டாது. பழவேற்காட்டு ஏரியில் கூட்டங் கூட்டமாய்க் கிளம்பும் பூநாரைகளையும் காட்டாது. ஆகையால்தான் விமான வழிக் கணக்கை 28 நாட்களுக்கொரு தரம் புதுப்பிக்கிறார்கள். கோபுரம் முதலிய தடைகளின் கணக்கையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். புறப்படுமுன் கருவி தன்னைத்தானே பரீட்சித்துச் சரி என்று சொல்லுகின்றதா என்று பார்க்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு, அந்தத் திரை நிலைமையை அறிவதற்கேயன்றி, அதைப் பார்த்தே மலைகளுக்கிடையில் வழி கண்டுபிடித்துப் போவதற்கல்ல என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். வேத புஸ்தகம் எதிலாவது, 'இதில் எழுதியிருப்பது பழையதாகிவிட்டிருக்கலாம், சரி பார்த்துக்கொள்' என்று முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கக் கண்டதுண்டா? அறிவுக்கும் மத நம்பிக்கைக்கும் உள்ள பேதம் இதுதான்.

மறுபடியும் பசியாவரத்துக்கு

நிற்க. பசியாவரத்துத் தோழருக்கு மலை இல்லை. ஆனால் மணல் திட்டு உண்டு. மேகம் இல்லை, ஆனால் மார்கழி மாதத்து மூடுபனி உண்டு. அவருடைய பெட்டியிலும் கணக்குப் புத்தகம்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை யார், எப்போது புதுப்பித்தார்கள்? பெட்டியை விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கூட வந்த புத்தகமோ இங்கிலீஷில் இருக்கிறது. தெரியாத பாஷையில் எழுதிய புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மனிதன் என்ன செய்வான்? கோயிலில் தெரியாத பாஷை மந்திரத்துக்கு என்ன செய்யப் பழக்கினார்களோ அதையே செய்வான், கையெடுத்துக் கும்பிடுவான். ஆகவே, அந்தச் சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் மீனவர் மாத்திரம் பொறுப்பாளி அல்ல. அவருக்கு விளங்கும்படி சொல்லாத படித்த கூட்டமும் சர்க்காரும் அதில் பங்காளிகள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தையெல்லாம் புறப்படுகின்ற இடமே பசியாவரத்தின் கொல்லைப்புறத்தில்தான் இருக்கிறது. ஏரிக்கு அந்தப்புறம் ஸ்ரீஹரிகோட்டா. நம் நாட்டின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக் கோள் வரிசையில் முதலாவது 2013-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி அங்கிருந்துதான் ஏவப்பட்டது. 2025-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி அங்கிருந்து கிளம்பிய நூறாவது ராக்கெட்டும் ஒரு வழிகாட்டிக் கோளையே சுமந்து போயிற்று. ராக்கெட் விடும் நாளில் இம்மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. ஒரு நாள் பிழைப்பை விட்டுக் கொடுத்து, கரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே போன அறிவு அவர்கள் கைக்கு வர வேண்டாமா?

வரக்கூடியதே என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. விமானங்களுக்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 'ககன்' என்னும் ஏற்பாட்டைச் செய்தன, ஜி.பி.எஸ். சமிக்ஞையிலுள்ள பிழையைத் திருத்தி அனுப்புவது அதன் வேலை. 2017-ம் வருஷக் கடைசியில் ஒக்கி புயலில், ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராமல் பலர் மாண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு, 2019-ல் அதே ககன் மூலமாகச் செல்போன் எட்டாத கடலிலும் புயல் எச்சரிக்கை வரும்படி 'ஜெமினி' என்னும் சிறு கருவியை வெளியிட்டார்கள். விமானத்துக்கென்று செய்த எச்சரிக்கை மீனவனுக்கும் உதவும் என்று இதனால் விளங்கவில்லையா? பணக்காரன் பறக்கும்போது மலையைக் காட்டத் தெரிந்த அறிவுக்கு, ஏழை மிதக்கும்போது மணலைக் காட்டத் தெரியாதா?

எச்சரிக்கை இல்லாததன் பலனை இவ்வேரியே கண்டிருக்கிறது. 2011-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி உல்லாசமாய்ப் படகேறிய ஒரே கூட்டத்தாரில் 22 பேர் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து மாண்டார்கள். அவர்களுக்கு மிதவைச் சட்டை இல்லை. நல்ல நாள் பார்த்துத்தான் வந்தார்கள்; பண்டிகை நாளைவிட நல்ல நாள் எது? நாள் நல்லதாயிருந்து என்ன பயன்? சட்டை அல்லவா இருந்திருக்க வேண்டும்!

நாம் வேண்டுவது

ஆதலால் நாம் சொல்லுவது இவ்வளவுதான். முதலாவது, மீனவர் கையில் கொடுக்கும் எந்தக் கருவியும் தமிழில் பேச வேண்டும். அதன் புத்தகம் தமிழில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் முகத்துவாரத்தின் ஆழத்தை அளந்து, அந்தக் கணக்கை மீனவர்களுக்கு இலவசமாய்க் கொடுப்பது சர்க்காரின் கடமையாக வேண்டும். மூன்றாவது, அளக்கப் போகிறவர்கள் மீனவர்களைக் கேட்டு அளக்க வேண்டும். கரையிலுள்ள கலங்கரை விளக்கத்தையும் மரத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தே கடலில் தமது இடத்தைக் கண்டு கொள்ளும் இவர்களுக்கு, எந்தத் திட்டு எந்த மாதத்தில் எங்கே நகரும் என்பது மனப்பாடம். பட்டம் பெற்றவர்களிடம் இல்லாத கணக்கு அது. நான்காவது, ஏரிக்கரைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டியைத் திறந்து காட்டி, இது எப்படி அறிகிறது, எதை அறியாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மீனவத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியைத் துடைத்து வையுங்கள். உப்புத் தண்ணீர் படாமல் மூடி வையுங்கள். பாட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். முகத்துவாரம் நகர்ந்த இடத்தை நீங்களே அதில் குறித்து வைத்து, மற்றப் படகுக்காரர்களுக்கும் சொல்லுங்கள். இதுதான் அதற்குச் செய்யும் பூஜை. எச்சரிக்கை கூவினால் முதலில் என்ஜினைத் தணியுங்கள்; பிறகு அது மெய்யா பொய்யா என்று பாருங்கள்.

நாம் விடைபெற்றுக் கொண்டபோது அந்தத் தோழர் பெட்டியின் திரையைத் தமது துண்டால் துடைத்தார். குங்குமம் போயிற்று, குங்குமத்தின் கீழே மறைந்திருந்த ஆழக் கணக்கு தெரிந்தது. "இத்தினி நாளா இந்த நம்பர் கண்ணுலயே படலீங்களே ஐயா!" என்றார்.